பீலியில் படாத கை

தனுஷிகாவை எனக்கு எப்போதுமே பிடிக்காது. கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனவள், சித்திரை வருசத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, வந்தாள். வந்த மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தாள். உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, மூட்டுக்கு மூட்டு வீக்கம். என் மகள் சுதர்ஷினி அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி.

அம்மை மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, இந்த மலைக் குளிரில், கொசுவாவது மண்ணாவது.

எங்கள் லயத்துக்கு ஒரே பீலி. மலைத் தண்ணீர் வந்து கொட்டும் அந்த இடத்தில்தான் பன்னிரண்டு வீடும் குடம் வைக்கும். தனுஷிகா குடத்தோடு வந்தபோது அதை மறித்துக்கொண்டு நின்றேன்.

“ஒன் கை இந்தப் பீலியில படக்கூடாது. வாயும் வயிறுமா ஒரு புள்ள இருக்கா எங்க வீட்டுல.”

யாரும் என்னைத் தடுக்கவில்லை. அவள் காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள். காய்ச்சல் விட்ட பிறகும் நான் விடவில்லை. லயத்தின் கடைசி வீடான தன் வீட்டுக் கூரைக்குக் கீழே வாளி, பெயிண்ட் டின், உடைந்த பேசின் என்று வைத்து மழைத் தண்ணீர் பிடித்தாள். எனக்கு அது திருப்தியாகவே இருந்தது, மறைப்பானேன்.

வைகாசி பிறந்ததும் ஏழு வீட்டில் காய்ச்சல். எனக்கும் வந்தது; விரல்கள் வீங்கி, கொழுந்து கிள்ள முடியாமல் போனது. எல்லாம் அவள் கொண்டுவந்தது என்று வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில் நின்று ஏசினேன்.

சுகாதாரப் பரிசோதகர் அப்ராஸ் வந்தார். நேரே கடைசி வீட்டுக்குப் போய் வாளிக்குள் டோர்ச் அடித்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன.

“இது சிக்குன்குனியா. தொட்டா ஒட்டாதும்மா, கொசு கடிச்சாத்தான். முந்தி இந்தக் கிருமி டவுன் கொசுவிலதான் நல்லா வளரும். இப்ப அது மாறி, தோட்டத்து வரிக் கொசுவிலயும் வளரப் பழகிருச்சு. குளிரும் முந்தி மாதிரி இல்ல. ஒண்ணு ரெண்டு கொசுவோட போயிருக்கும், இந்த வாளிங்கதான் லயத்துக்கே வளத்துவிட்டிருக்கு. யாரு வச்சது?”

“நாந்தான் மாத்தயா,” என்றாள் தனுஷிகா. “ஏன் வச்சேன்னு நாகலெட்சுமி அத்தையக் கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காலையிலிருந்து சுதர்ஷினிக்கும் காய்ச்சல் நடுக்கம் என்றேன்.

“பிரசவ நேரத்துல தாய்க்குக் காய்ச்சல்னா புள்ளைக்கும் போகும்,” என்று சொல்லிக்கொண்டே அவர் அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார்.

நான் ஓடிப்போய் வாளியைக் கவிழ்க்கப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை. “கொஞ்சம் புடிம்மா,” என்றேன் தனுஷிகாவிடம்.

“ஒங்க கை எங்க வாளியில படக்கூடாது அத்த.”

அவளே ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். தண்ணீர் என் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. இடுப்பு வலிக்கிறது என்று சுதர்ஷினி உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டாள்.