சிமியோன் செய்த வளையங்கள்

சுத்த அறைக்குள் யாருக்கும் முகம் கிடையாது. வெள்ளை அங்கி, தலைமூடி, முகக்கவசம், இரண்டு அடுக்குக் கையுறை. கண் மட்டும்தான் தெரியும், அதுவும் அந்த மஞ்சள் விளக்கில் எல்லார் கண்ணும் ஒரே நிறம். இருபத்தாறு வருஷமாக அங்கே குப்பை கொட்டுகிறவள் நான். ஆளை நடையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். பேராசிரியர் மோனே வாத்து மாதிரி அசைந்து வருவார். அலீன் ஓடுவாள், ஓடக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. சிமியோன் ரோஷா வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பான். சின்ன வயதில் பனிச்சறுக்கில் கணுக்கால் முறிந்ததாம்.

சிமியோன் செத்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அந்த நடையை நான் இன்னும் பார்க்கிறேன். இடைவழியின் கடைசியில் வெள்ளை அங்கி ஒன்று வலது காலை இழுத்துக்கொண்டு என் உலைப் பக்கம் திரும்பும். போய்ப் பார்த்தால் உலை இருக்கும், சுவர் இருக்கும், காற்று வடிகட்டியின் இரைச்சல் இருக்கும். வேறொன்றும் இருக்காது. பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் பயம் பயம்தான்.

என் பெயர் ஓதில். சுவிட்சர்லாந்தின் லோசானில், ஏரிக்கரைப் பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் உலை ஓட்டுகிறேன். நாங்கள் செய்வது வளையம். ஒவ்வொன்றும் ஒரு கடுகு அளவு, சில்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடாகப் படிந்திருக்கும். அதற்குள் லேசர் ஒளியை விட்டு, சரியான இடத்தில் சரியாகத் திருகி நிறுத்தினால், ஒளி சுற்றிச் சுற்றி ஒரே ஒரு துடிப்பாகத் திரண்டு, உருவம் கலையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே போனது ஒரு நிறம். வெளியே வருவது நூறு நிறம், திரையில் சம இடைவெளியில் எழுந்து நிற்கும் கோடுகள். சீப்பு என்றுதான் சொல்வோம். கடிகாரக்காரர்கள், தூரம் அளக்கிறவர்கள், நட்சத்திரம் பார்க்கிறவர்கள் எல்லாரும் இன்றைக்கு இந்தச் சீப்புக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

வளையம் ஒளியைக் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். குடித்தால் சூடேறும். சூடேறினால் துடிப்பு பிறந்த கணத்திலேயே கை நழுவிப் போய்விடும், சீப்பு சரிந்துவிடும். அதற்காகத்தான் உலை. ஆயிரத்து இருநூறு டிகிரியில் பதினொரு மணி நேரம் சுட்டு, சில்லுகளாக வெட்டப்போகும் தட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஹைட்ரஜனை விரட்டுவோம். ஆனால் தட்டை வைக்கும் உலைக் குழாய்க்குள் துளி செம்பு போனாலும் ஒளியைக் குடிக்கும் சனியன் வளையத்துக்குள் குடியேறிவிடும். ஆகவே இரண்டு வகை இடுக்கி. பச்சைப் பட்டை போட்டது சுத்தமான தட்டுக்கு. சிவப்புப் பட்டை போட்டது உலோகம் பட்ட தட்டுக்கு. மாற்றி எடுத்தவனை நான் உயிரோடு விட்டதில்லை.

சிமியோன் சாவதற்கு முந்தின அக்டோபரில் குழாய் கெட்டது. மூன்று குழுக்களின் எட்டு மாத வேலை பாழ். ஒரு வளையம்கூட சீப்பைத் தாங்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினார்கள். முதல் கெட்ட தட்டுக்கு முன்னால் இருந்த பெயர் சிமியோன் ரோஷா, முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவன். அன்று காலை அவன் உலோக அறையிலும் இருந்திருக்கிறான். போதாதா? ஒன்பது மணிக் காபியின்போது அவன் உட்கார்ந்தால் மேசை காலியாகும். ஒருத்தன் அவன் நாற்காலியில் ஒரு செம்புக் காசை வைத்துவிட்டுச் சிரித்தான். சிமியோன் வாதாடவில்லை. "இருக்கலாம், நான்தான் பண்ணியிருப்பேன்" என்று பேராசிரியருக்குக் கடிதம் எழுதினான். அவன் செய்த சில்லுகளைப் பெட்டியில் போட்டு, சிவப்பு முத்திரை ஒட்டி, யாரும் தொடாத அலமாரியில் வைத்தார்கள். தீட்டுப்பட்டதை யார் சோதித்துப் பார்ப்பார்கள்? ஜனவரியில் படிப்பை விட்டு ஊருக்குப் போனான். மார்ச்சில் தனியாக மலையேறி, பனிச்சரிவில் போய்விட்டான்.

இந்த ஜூன் மாதம் அலீன் அந்தப் பெட்டியைத் திறந்தாள். அவள் புதிதாக வந்த ஆராய்ச்சியாளர், பழைய கதை அவ்வளவாகத் தெரியாது. புது லேசரைப் பழக்க ஏதாவது உதவாத சில்லு கிடைத்தால் போதும் என்று எடுத்திருக்கிறாள். காபி நேரத்தில் என்னைத் தேடி வந்தாள்.

"ஓதில், ஒரு நிமிஷம் வாங்களேன். ஒண்ணு காட்டணும்."

"என்னத்த ஒடச்ச?"

"ஒடைக்கல. நிக்குது."

சோதனை மேசைக்குப் போனோம். திரையில் சீப்பு நின்றது. ஒரு பல்கூட ஆடவில்லை. நடுவில் உயரமாகவும் இரண்டு பக்கமும் மெல்ல இறங்கியும், பார்க்கவே ஆசையாக இருந்தது.

"காலைல ஏழரைக்கு ஏத்தினது. லேசர விட்டுட்டு ரொட்டி வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்தா அப்படியே இருக்கு. ஒளியைக் குடிக்கவே மாட்டேங்குது. இந்த வருஷம் நாம செஞ்சதவிட இது நல்லா இருக்கு."

"யாரோட சில்லு?"

"சிவப்பு முத்திரைப் பெட்டி. ரோஷான்னு போட்டிருக்கு. யாருங்க அது?"

பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன். சிமியோனின் தட்டு உலையிலிருந்து சுத்தமாகத்தான் வெளியே வந்திருக்கிறது. குழாய் கெட்டது அவனுக்குப் பிறகு. அவனுக்கும் அடுத்த குழுவுக்கும் நடுவில் அந்தக் குழாயைத் திறந்தது ஒரே ஒரு ஆள்.

உலை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க நாங்கள் வெறும் தட்டு ஒன்றைப் போட்டு எடுப்போம். அதைப் பதிவேட்டில் எழுதுவதில்லை, எங்கள் வழக்கம் அப்படி. சமைக்கிறவள் உப்புப் பார்த்ததை யாராவது எழுதி வைப்பார்களா? சிமியோனின் தட்டு வெளியே வந்த அன்று பச்சை இடுக்கி கை தவறித் தரையில் விழுந்துவிட்டது. இன்னொரு பச்சை கழுவப் போயிருந்தது. சிவப்பு இடுக்கி பக்கத்தில் இருந்தது. ஐந்து விநாடி வேலை, வெறும் தட்டுதானே என்று அதாலேயே எடுத்து உள்ளே வைத்தேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரே தடவை.

குழாய் கெட்ட செய்தி வந்தபோது எனக்கு ஞாபகம் வந்ததா என்று கேட்டால், வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? சிவப்பு இடுக்கியை அடுத்தவர் கையில் பார்த்தாலே கத்துகிறவள் நான். என் வாயால் எப்படிச் சொல்வேன் என்று மென்று முழுங்கினேன். அங்கி மாற்றும் அறையில் சிமியோன் என்னிடம் நேராகவே கேட்டான்.

"ஓதில், எனக்கப்புறம் யாராச்சும் குழாயத் திறந்தாங்களா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பதிவேட்டப் பாரு. உனக்கப்புறம் யார் பேரு இருக்கு?"

தலையாட்டிவிட்டுத் தலைமூடியை மாட்டிக்கொண்டான்.

அலீனிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அங்கி மாட்டினேன். உலைப் பக்கம் திரும்பியபோது அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முதுகு எனக்கு. வலது கால் லேசாக மடங்கியிருந்தது. கை இரண்டும் தொங்கின. சுத்த அறைக்குள் யாரும் கையைத் தொங்கவிட மாட்டார்கள், இடுப்புக்கு மேலேதான் வைத்திருப்பார்கள். நானே அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பழக்கம். ஓடிவிடலாம் என்று தோன்றியது.

"சிமியோன், நான்தான்பா திறந்தேன்" என்றேன்.

முகக்கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே சுட்டது. என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, அது விலகியபோது உலை மட்டும் இருந்தது. பக்கத்து அறையில் ரசாயனம் கலக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, இந்தப் பக்கம் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். யாரும் வரவில்லை என்றார். ஆனால் அந்த வார்த்தை ஒருமுறை வாயிலிருந்து வந்துவிட்டது, இனி உள்ளே போகாது என்று தெரிந்தது.

மத்தியானம் பேராசிரியர் மோனே அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அலீன் கோடுகளைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"பெட்டி மாறிப் போயிருக்கும்" என்றார். "யாரோ நல்ல சில்ல அவன் பெட்டியில போட்டிருப்பாங்க. அவன் செஞ்சது இப்படி நிக்க வாய்ப்பே இல்ல."

"முத்திரை ஒடைக்காம இருந்துச்சே" என்றாள் அலீன்.

"முத்திரை ஒட்டறதுக்கு முன்னாடியே மாறியிருக்கும்மா."

செத்த பிறகும் அவன் கையிலிருந்து அவன் வளையத்தைப் பிடுங்குகிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் மீதி.

"பெட்டி மாறல. இது அவன் செஞ்சது. கொழாயக் கெடுத்தது நான்" என்றேன். இடுக்கி விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அலீன் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

மோனே எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஓதில், உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு. பையன் போயிட்டான். இப்ப இதக் கெளப்பி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அவங்க அம்மாவுக்குத் தெரியணும்."

"நான் கடிதம் எழுதறேன். நாசூக்கா."

"உங்க நாசூக்கத்தான் அன்னிக்கே பாத்தோமே. அவன் எழுதின கடிதத்த எல்லாருக்கும் அனுப்பினீங்க. நானே போறேன்."

சனிக்கிழமை மலை ரயில் ஏறினேன். திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். ரோஷா வீடு கடைசி நிறுத்தத்துக்கு மேலே, மாட்டுத் தொழுவத்தை ஒட்டி. சிமியோனின் அம்மா கதவைத் திறந்தார். சவ அடக்கத்தன்று கோயிலில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு ஓடிவந்தவள் நான். ஆனாலும் அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானே அந்த ஒலைக்காரம்மா? வாங்க, வாங்க. அங்கேயிருந்து ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல. நீங்க வருவீங்கன்னு நெனச்சேன்."

காபி போட்டார். மெல்லிய பிரிசலே பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவான். மத்தவங்க எல்லாம் அவன வறுத்து எடுத்துட்டாங்களாம். நீங்க வாயாடியாம், மன்னிச்சுக்கங்க, அவன் சொன்னதச் சொல்றேன். அப்படிப்பட்டவங்க தன்னை மட்டும் ஒரு வார்த்தை திட்டலன்னான். 'ஓதில் மட்டுந்தாம்மா என்னை விட்டுட்டாங்க'ன்னு இதே மேசையில ஒக்காந்து சொன்னான். உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பிறகு சொன்னேன். வளையம் நின்றதைச் சொன்னேன், இடுக்கியைச் சொன்னேன், எழுதாமல் விட்ட தட்டைச் சொன்னேன். என்ன வார்த்தை சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. முடிந்ததும் அவர் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டார்.

"அவன் உங்கள ஒரு தடவையாச்சும் கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு சொன்னேன்."

"அப்ப போற வரைக்கும் தான்தான் பண்ணினோம்னு நெனச்சுக்கிட்டேதான் போயிருக்கான்."

"ஆமா."

"அந்தச் சரிவு அவனுக்கு எட்டு வயசுலேருந்து தெரியும். பனிச்சரிவு எச்சரிக்கை அஞ்சுக்கு நாலுன்னு ரேடியோவுல சொன்னத நானும் அவனும் சேந்துதான் கேட்டோம்."

எழுந்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டேன். கதவுவரை போய்விட்டேன்.

"எங்க போறீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. "அவங்க அப்பா மேல மேய்ச்சல்ல இருக்கார். பால் எறக்கிட்டு அஞ்சு மணிக்கு வருவார். இத அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். ஒக்காருங்க, நீங்களே சொல்லிட்டுப் போங்க."

மணி அப்போது மூன்று. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர் என் எதிரில் அமர்ந்து பீன்ஸ் நார் உரிக்க ஆரம்பித்தார்.