மொரேனிகே வீட்டுக் கதவு

மார்ச் மாதம் மூன்றாம் புதன்கிழமை மாலை ஆறரை மணிக்கு, லாகோஸின் ஒக்பா பகுதியில் வீட்டுத் தரகு பார்க்கும் மொரேனிகே தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தாள். உள்ளே இருந்தது இகோயியில் எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்த ஒரு மூன்றாம் மாடி வீடு. ஒக்பாவிலிருந்து இகோயி போக, பாலத்தில் நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரம் ஆகும். நெரிசல் இல்லாத நாள் என்று ஒன்றை லாகோஸில் யாரும் பார்த்ததில்லை. அவள் அலறவில்லை என்பதை எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். முதல் வேலையாகக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. ஜன்னல் கொக்கிகளைச் சரிபார்த்தாள். அதற்கப்புறம்தான் மகள் எங்கே, கணவன் எங்கே, தான் கழற்றிப் போட வந்த செருப்பை எங்கே போடுவது என்றெல்லாம் தோன்றியது. அன்று கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அந்த வெறுந்தரையிலேயே படுத்துத் தூங்கினாள்.

பதினொரு வருடமாகத் தரகு பார்க்கிறவள். மூன்று போன்கள், ஒரே வளையத்தில் அறுபத்திரண்டு சாவிகள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்த கையோடு இரண்டு வீடு காட்டுவாள். தாயை அடக்கம் செய்த விருந்தில், எல்லாரும் ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டு ஆடுகிற நேரத்தில், பந்தலுக்குப் பின்னால் நின்று ஓர் இரண்டு படுக்கையறை வீட்டைப் பேசி முடித்தவள். பிரசவ வலியிலும் அறையைச் சுற்றிப் பார்த்து, "காத்தோட்டம் பரவாயில்ல" என்றாளாம். செவிலிப் பெண் சொல்லித்தான் தெரியும். கொஞ்சம் உட்காரேன் என்று யாராவது சொன்னால், "நான் உக்காந்தா வீடு நடந்து போய் ஆளைப் பிடிக்குமா?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அந்த வருடம் நின்றுபோனது. வாயில் காரம் உறைக்காமல் போனது. கணவன் லுக்மன், குளிர்பெட்டி பழுதுபார்க்கிறவன், மிளகாய்க்காரி ஏமாற்றுகிறாள் என்று சந்தைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தான். மஞ்சள் வேனில் பக்கத்து இருக்கைக்காரர், "அம்மா, நீங்க அழுதுட்டிருக்கீங்க" என்று சொன்னபோதுதான் அவளுக்கே தெரிந்தது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தாலும் வாய் தானாக ஓடும்: தண்ணீர் நிற்காது, கரண்ட் பரவாயில்லை, வீட்டுக்காரர் அதே வளாகத்தில் குடியில்லை. லுக்மன் முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஒரு சின்ன காரியம் செய்தாள். பலோகுன் சந்தையில் துணி மொத்த வியாபாரம் பார்க்கிற மேடம் ஒபியாகெலி முப்பத்தோரு வீடு பார்த்து முப்பத்தொன்றையும் வேண்டாம் என்றவர். அடுத்த வீட்டின் படம் பன்னிரண்டு மணிக்குள் வேண்டும், இல்லையென்றால் வேறு தரகரிடம் போகிறேன் என்றார். அந்த வீட்டின் சாவி இன்னும் வந்து சேரவில்லை. மொரேனிகே சுற்றுமுற்றும் பார்த்தாள். தன் வீட்டுக் கூடத்தையே பெருக்கினாள். நாட்காட்டி, செருப்பு, மடிக்காத துணி எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படம் எடுத்தாள். கதவு நிலையில் பென்சிலால் உயரம் குறித்து வைத்த கோடுகள் உண்டு. அங்கே ஏழு வயது மகள் டெமி சாய்ந்து நின்றாள்.

"டெமி, கொஞ்சம் ஒதுங்கு. படத்துல விழுற."

குழந்தை ஒதுங்கியது.

"இன்னும் ஒதுங்கு."

இந்தத் தொழிலில் இதைச் செய்யாத ஆள் யார்? அவள் மேல் மட்டும் பழி போட மாட்டேன். ஆனால் மேடம் ஒபியாகெலிக்குக் கழுகுக் கண். சாவி வந்து நிஜ வீட்டைக் காட்டியபோது, "இது அது இல்லையே. படத்துல பாத்த வீடு எங்க?" என்றார். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை அதே கேள்வி.

இகோயி இரவுக்கு மறுநாள் காலை அவள் பேருந்து மாறி மாறி வீட்டுக்கு வந்தாள். லுக்மன் உள்ளிருந்து கதவைத் திறந்தான். அவன் முகம் தெரிந்தது, பின்னால் மேசையில் டெமியின் கஞ்சிக் கிண்ணம் தெரிந்தது. காலை எடுத்து வைத்தாள், ஃபெஸ்டாக்கில் ஒரு தரைத்தள வீட்டில் நின்றாள். அடுத்த முறை அஜா. மூன்றாம் முறை லுக்மன் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தான். கையிலிருந்த பை மட்டும் உள்ளே வந்தது, மூன்று போன்களும் அடித்துக்கொண்டே. அவள் வேறெங்கோ போயிருந்தாள். பாஸ்டர் வந்து எண்ணெய் தடவினார். மேல்வீட்டுக்காரர்கள் அல்ஃபா எனப்படும் முஸ்லிம் மதகுரு ஒருவரை அழைத்து வந்து ஓதச் சொன்னார்கள். தச்சர் பூட்டை மாற்றினார், பிறகு கதவையே மாற்றினார். புதுக் கதவு லெக்கிக்கும் திறந்ததால், பழையதைவிட நல்ல மரம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அவளுடைய முதலாளி சீஃப் பமிடேலேவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்ரோல் வேண்டாம், பாலம் வேண்டாம். வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு மொரேனிகே தன் வாசலில் நுழைந்தால் போதும், இகோயி. "கடவுள் பாத்துக் குடுத்த குறுக்கு வழி இது. இதுக்குப் போய் மூக்கை உறிஞ்சிட்டு நிப்பாங்களா?" என்றார். அவள் வாசலில் வரிசை நின்றது. ஏப்ரலில் மட்டும் பத்தொன்பது வீடுகள் முடிந்தன. அலுவலகத்தில் பாராட்டி ஒரு கண்ணாடிக் கோப்பையைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதை வைக்க அவளுக்கு வீடு இல்லை. காலி வீடுகளின் சிமெண்ட் தரையில் படுத்தாள். வாடகைக்குப் போய்விட்டால் அடுத்த வீடு. சாப்பாட்டை லுக்மன் ஜன்னல் கம்பி வழியாகக் கொடுப்பான், அவள் வெளியே நின்று சாப்பிடுவாள். கதவுக்குத்தான் கோளாறு, ஜன்னல் சொன்னபடி கேட்டது.

மே மாதம் டெமிக்குக் காய்ச்சல் வந்தது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். மொரேனிகே கம்பிக்குள் கையை விட்டுத் துணியை நனைத்து நெற்றியில் வைத்தாள். முழங்கைக்கு மேல் கை போகாது. காய்ச்சல் இறங்கிய மூன்றாம் நாள் போன் அடித்தது. டெமி தானாகவே கட்டிலின் அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

"பேசிட்டு வாங்கம்மா. நான் ஒதுங்கி நிக்கிறேன்."

அவள் பேசினாள். அதுதான் பெரிய கொடுமை, போனை எடுத்துப் பேசினாள்.

அந்த வாரமே வீட்டுக்குள் புதுப் பெயிண்ட் வாசனை வரத் தொடங்கியது. யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. முதலில் நாட்காட்டி காணாமல் போனது. பிறகு செருப்புகள். பிறகு, மடிக்கப் போட்டிருந்த துணி. லுக்மன் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் ஜன்னலுக்கு வந்து அவள் போனை வாங்கி, பிப்ரவரிப் படத்தை எடுத்துப் பார்த்தான்.

"உன் படத்துல இல்லாத சாமான் எல்லாம் ஒண்ணொண்ணா போகுதுடி. இன்னைக்குக் காலைல கதவு நிலையைப் பாத்தேன். பென்சில் கோட்டைக் காணோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? இந்தப் படத்துல நான் இருக்கேனா? டெமி இருக்காளா?"

அவள் போனைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். இரண்டு பேரையும் வெளியே வரச் சொன்னாள். லுக்மன் மகளைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தான். முன்பெல்லாம் தாராளமாக வெளியே வந்து போனவன், இப்போது வாசலைத் தாண்டினால் மறுபடி கூடத்திலேயே நின்றான். நான்கு முறை முயன்றான். பையில் போன் அடித்தது. மேடம் ஒபியாகெலி, தெருமுனையில் கார் நிறுத்துகிறாராம்.

மேடம் வந்த வேகத்தில் மொரேனிகேயின் முழங்கையைப் பிடித்தார். "கதை பேசாத. இந்தக் கதவுதான எல்லா வீட்டுக்கும் போகுதுன்னு ஊரே சொல்லுது? நட." கதவு திறந்தது. இருவரும் உள்ளே போனார்கள்.

எழுபத்திரண்டு நாளுக்குப் பிறகு மொரேனிகே தன் கூடத்தில் நின்றாள். சுவர் பளபளவென்று இருந்தது. சோபா இருந்தது, குளிர்பெட்டி இருந்தது. நாட்காட்டி மாட்டிய ஆணிகூட இல்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்த தடம் இல்லை. படத்தில் இருந்தது போலவே எல்லாம் இருந்தது, ஆட்கள் இல்லை.

"இதுதான்!" மேடம் கைதட்டினார். "முப்பத்திரண்டு வீட்டைக் காட்டி என் காலை உடைச்சியே, இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த? தண்ணி?"

"நிக்காது மேடம்," என்றது மொரேனிகேயின் வாய். "கரண்ட் பரவாயில்ல. வீட்டுக்காரம்மா..." நாக்கைக் கடித்தாள், ரத்தம் வந்தது, வாய் நிற்கவில்லை. "...தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"எப்ப குடி வரலாம்?"

சுவருக்குப் பின்னால், எங்கேயோ பெயிண்டுக்கு அடியில், ஒரு குழந்தை இருமியது. காய்ச்சல் விட்டும் விடாத அந்த இருமல் அவளுக்குத் தெரியும். முடியாது என்ற ஒரு சொல் உண்டு. பதினொரு வருடத்தில் வாடிக்கையாளரிடம் அதை அவள் சொன்னதே இல்லை. மூன்று முறை வாயைத் திறந்தாள். மேடம் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார்.

"முடியாது மேடம். இது வாடகைக்கு இல்ல."

"என்னது? தரகர் வாயில வர்ற பேச்சா இது?"

"இங்க ஆள் இருக்காங்க."

"எங்க இருக்காங்க? ஈ, காக்கா காணோம்!"

மொரேனிகே சாவி வளையத்தை எடுத்துக் கதவு நிலையைச் சுரண்டினாள். பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. ஒரு சாவி வளைந்தது, அடுத்ததை எடுத்தாள். ஒன்பதாவது சாவியில் பென்சில் கோடு தெரிந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்தில், டெமி, ஏழு வயது. மேடம் குனிந்து நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"என் வீட்லயும் நாலு பேர் கோடு இருக்கு," என்றார். "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா, கழுதை!" பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னால் அவர் இகோயியில் அந்த மூன்றாம் மாடி வீட்டையே எடுத்துக்கொண்டார், அதுவும் வேறொரு தரகர் வழியாக.

மூன்று போன்களும் சேர்ந்து அடித்தன, மூன்றிலும் சீஃப். மொரேனிகே அவற்றைக் குளிர்பெட்டியின் மேல் தட்டில், உறைந்த மீனுக்கு வைக்கும் இடத்தில் வைத்து மூடிவிட்டு, நேராக வஹீதிடம் போனாள். வஹீத் எங்கள் பக்கத்தில் சுவரெழுத்துக்காரன். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து வீட்டை விற்றுவிடும் ஆட்கள் லாகோஸில் ஏராளம். அதனால் சுவருக்குச் சுவர் எழுதியிருக்கும், இந்த வீடு விற்பனைக்கு அல்ல என்று. பாதி அவன் கை.

"அக்கா, உங்க வீட்டை யார் விக்கப் பாக்கறாங்க?" என்று கேட்டான். எப்போதும் கேட்பான்; தம்பி, சித்தப்பா, மச்சான் என்று பதில் வரும்.

"நான்தான்."

வஹீத் அவளை ஏற இறங்கப் பார்த்தான். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, எழுத்துக் கோணாமல் இருந்தால் சரி என்றார். சிவப்பு எழுத்தில் கதவிலேயே எழுதினான்: இந்த வீடு விற்பனைக்கும் அல்ல, வாடகைக்கும் அல்ல. கீழே அவள் சொல்லச் சொல்ல: ஆறு மணிக்கு மேல் யாரும் வர வேண்டாம். ஞாயிறு கிடையாது.

பெயிண்ட் காய்வதற்குள் அவள் கதவைத் தள்ளினாள். கூடம் இருந்தது, நாட்காட்டியோடும் செருப்புகளோடும். லுக்மன் இருந்தான். டெமி கதவு நிலையோரம் நின்று, ஒதுங்கட்டுமா என்பது போல அவளைப் பார்த்தாள். மொரேனிகே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு, வளாகமே வந்து பார்க்கும் அளவுக்கு அழுதாள்.

எல்லாம் அன்றைக்கே சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். முதலில் கூடம் மட்டும்தான் திரும்பியது. படுக்கையறை இன்னும் மூன்று வாரம் ஃபெஸ்டாக்கில் இருந்தது. அவள் சோபாவில் நான்கு நாள் விடாமல் தூங்கினாள், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தூங்கினாள். அறுபத்திரண்டு சாவிகளில் ஐம்பத்து மூன்றைத் திருப்பிக் கொடுத்தாள். வளைந்தவற்றுக்கு மன்னிப்பும் கேட்டாள். மாலை ஆறு மணிக்குப் போன்களை ரீசார்ஜ் அட்டை விற்கிற ரிசியின் கடையில் விட்டுவிட்டு வருவாள். ஜூனில் சீஃப் ஒரே ஒரு ஞாயிறு என்று கெஞ்சினார், அவளும் இளகினாள். அன்று மாலை கதவு லெக்கியில் திறந்தது. பாலத்து நெரிசலில் இரண்டரை மணி நேரம் நின்று திரும்பி வந்து, வஹீதைக் கூப்பிட்டு ஞாயிறு என்ற எழுத்தை இன்னும் தடிமனாக்கச் சொன்னாள். கடைசியாக வந்தது சமையலறை, ஆகஸ்டில். அன்று லுக்மன் வைத்த குழம்பில் ஒரு வாய் வைத்தவள் நான்கு டம்ளர் தண்ணீர் குடித்து, கண்ணும் மூக்கும் ஒழுக, "பாவி மனுசா, இவ்வளவு காரமா போடுவாங்க!" என்று கத்தினாள். அவன் மறுநாளே போய் மிளகாய்க்காரியிடம் மன்னிப்புக் கேட்டான்.

அந்த மாலை டெமி அம்மாவின் கையைப் பிடித்து வீடு முழுக்கக் காட்டினாள். இது கூடம், இது கட்டில், இந்தப் பக்கம் அம்மா படுப்பாங்க, தண்ணி சில நாள் நிக்கும், வீட்டுக்காரம்மா மாடியிலதான் இருக்காங்க. கதவு நிலையில் புதுக்கோடு போட்டார்கள். இரண்டு விரல்கடை வளர்ந்திருந்தாள்.

குளியலறை மட்டும் இன்னும் அஜாவில்தான் இருக்கிறது. அங்கே தண்ணீர் நன்றாக வருவதால் யாரும் குறை சொல்வதில்லை; குளித்துவிட்டு வருகிறபோது சில நாள் கடற்காற்று வாசனையும் சேர்ந்து வரும். அந்த வீட்டின் சாவி மொரேனிகே தன்னிடம் வைத்துக்கொண்ட ஒன்பதில் ஒன்று. வாடிக்கையாளர் யாராவது அதைக் காட்டச் சொன்னால், அங்கே ஆள் இருக்காங்க என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள்.