மூன்றடுக்கு ரப்பர்

சோதனைக்காகக் கிரேனிலிருந்து போட்ட பாறை ரப்பர்மேல் 'பளார்' என்று மோதியது. 'தொப்' என்றுதான் கேட்டிருக்க வேண்டும். இளவேனில் ஒரு அடி முன்னால் வந்து பார்த்தாள். அடுத்த பாறைக்கு ரப்பர் அடுக்கு வாய் பிளந்தது.

"போச்சு" என்றார் வைத்திலிங்கம். வடக்குத்துப் பட்டறையின் முதலாளி. சுரங்கத்து பெல்ட்டிலிருந்து பாறைகள் கொட்டுமிடத்தில் இரும்புத் தகடு அடிபடாமலிருக்க, ரப்பர் ஒட்டித் தருவது அவர் தொழில். "ஏம்மா, ஒரே ரப்பரா ஒட்டினப்ப ஒரு மாசமாவது தாங்குச்சு. உன் மூணடுக்கு ரெண்டு கல்லுக்கே பல்லிளிக்குது. பழைய மாடலுக்கே போயிடலாம்."

இந்தப் பட்டறையில் இன்ஜினியராகச் சேர்ந்த நாளிலிருந்து இளவேனில் பொத்திப் பொத்தி வளர்த்த யோசனை அது. பாறையின் அடி ரப்பருக்குள் அலையாகப் போகும். மெத்தென்ற ரப்பர் முடிந்து சட்டென்று இரும்பு வந்தால் அலை முட்டித் திரும்பும். அந்த இடத்தில்தான் பசை பிய்யும். மண் ரோட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும்போது சரிவு இல்லாவிட்டால் பஸ் தூக்கிப் போடுமே, அப்படி. அந்தச் சரிவைத்தான் அவள் ரப்பரில் போட்டிருந்தாள். இரும்பை ஒட்டிக் கடினமானது, நடுவில் நடுத்தரம், மேலே மெத்தென்றது.

குனிந்து நகத்தால் மேற்பரப்பை அழுத்தினாள். அமுங்கவில்லை. கடினமானது எப்படி மேலே வந்தது?

"அண்ணே, எதை முதல்ல ஒட்டுனீங்க?"

ஒட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி சிங்காரவேல். "ரெண்டாம் நம்பரைத்தாங்க. செகண்ட் ஷிஃப்ட்லதான வேலையே ஆரம்பிச்சது? நைட் ஷிஃப்ட்ல மூணாம் நம்பரு. காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல ஒண்ணு. நீங்கதான சாக்பீஸ்ல எழுதி வச்சிக்கினு இருந்தீங்க?"

மூன்றும் ஒரே கறுப்பு. அடியிலிருந்து வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியவள் அவள்தான். அப்பாவின் ஷிஃப்ட்டைப் பார்த்துச் சோறு வடித்த குவார்ட்டர்ஸில் பிறந்தவளுக்கு, நெய்வேலியில் அந்த எண்களுக்கு ஷிஃப்ட்டைத் தவிர வேறு அர்த்தமே கிடையாது என்பது தோன்றாமல் போய்விட்டது.

"யாருப்பா மாத்தி ஒட்டுனது?" என்று வைத்திலிங்கம் குரலை உயர்த்தினார். சிங்காரவேல் முகம் சுருங்கியது.

"தப்பு என்னுது சார். எதுக்கு நம்பர்னு நான் சொல்லவே இல்ல" என்றாள் இளவேனில்.

வைத்திலிங்கம் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நல்ல கூத்து! இன்னொரு தகடு எடுத்துக்க. இதுதான் கடைசி."

இந்த முறை சாக்பீஸால் 'அடி', 'நடு', 'மேல்' என்று எழுதினாள். சிங்காரவேல் எழுத்துக் கூட்டிப் படித்தார். "நாங்க எப்ப வூட்டுக்குப் போவணும்னும் எழுதிடுங்க மேடம், அதையும் கரெக்டா பண்ணிடறோம்."

பசை இறுகியதும் மறுபடி கிரேன் வந்தது.

தொப்.

வைத்திலிங்கம் தானே போய்ப் பெரிய பாறையாகக் காட்டினார். மறுபடியும் தொப். அவர் ஓரத்தில் விரல் நுழைத்து நெம்பிப் பார்த்தார். விரல்தான் வலித்தது.

"செகண்ட் ஷிஃப்ட்டுக்கு இன்னும் ரெண்டு தகடு எறக்குப்பா" என்றார்.

சிங்காரவேல் இளவேனில் பக்கம் திரும்பினார். "முதல்ல அடிதானங்க?"