மாரிக்கனிக்கு மிஞ்சிய வசவுகள்

மாரிக்கனியின் வாய்க்குச் சோழபுரத்தில் நாயும் ஒதுங்கிப் போகும். அவள் சித்தாள். தளம் போடுகிற அன்று கலவை மிஷின் போடுகிற சத்தத்தையும் தாண்டி அவள் வசவு மாடிக்கு ஏறும். அது ஏறினால்தான் கலவைச் சட்டியும் ஏறும். "எடுபட்ட பயலே, சட்டிய வாங்குறியா, இல்ல அங்கனயே கல்யாணம் முடிக்கப் போறியா?" என்று அவள் கேட்டால் மேலே நிற்பவனுக்குக் கூடுதலாக ஒரு கை முளைத்துவிடும்.

அப்படிப்பட்ட வாய், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போடும்போது பாதி வசவில் நின்றுபோனது.

தலையில் இருந்த சட்டி வலப்பக்கம் சரிந்தது. பிடி என்று கையிடம் சொன்னாள். கை கேட்கவில்லை. யாரோ ஊரான் கையைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்தது கால். ஜல்லிக் குவியல்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வெயில் மயக்கந்தான், நெழல்ல போட்டுச் சோடா குடுங்க" என்றார் காண்ட்ராக்டர். ஒருத்தி ஓடிவந்து இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தாள். சாவி கீழே விழுந்தது. சோடா கடைவாய் வழியாக ரவிக்கைக்குள் போனது. 'இது வலிப்பு இல்லடி மூதேவி' என்று சொல்லத்தான் பார்த்தாள். நாக்கு கனத்துக் கிடந்தது.

மிஷின் ஓட்டுகிறவர் அவள் புருஷன் வேலுசாமி. வந்து குனிந்து பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அவர் அதிகம் பேசமாட்டார். அவர்கள் வீட்டில் பேச்சு மொத்தமும் அவள் குத்தகை. திரும்பிப் போய் மிஷினை அணைத்தார்.

"அண்ணே, பாதியில நிறுத்தினா ஒட்டு விழுந்து தளம் ஒழுகும்ணே!" என்று காண்ட்ராக்டர் அலறினார்.

"ஒழுகட்டும்" என்றார் வேலுசாமி.

சிமெண்டு இறக்க வந்த லோடு ஆட்டோவிலேயே ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளையில் இடப்பக்கம் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது, பக்கவாதம் என்றார் டாக்டர். தாமதிக்காமல் கொண்டுவந்ததால் உயிர் தப்பியது. வலது கையும் காலும் பேச்சும் மாட்டிக்கொண்டன.

கண் தெளிந்த பிறகு டாக்டர் வந்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டார். பரவாயில்லைங்க சார் என்று சொல்லத்தான் மாரிக்கனி வாயைத் திறந்தாள். "நாசமாப் போறவனே" என்று வந்தது.

அவளே திடுக்கிட்டுப் போனாள். வேலுசாமி சுவரோடு ஒட்டிக்கொண்டார். டாக்டர் மட்டும் சிரித்தார். "பேச்சு போனாலும் சிலருக்கு வசவு தங்கிரும். அது தானா வர்றது. கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. தண்ணீர் கேட்டாலும் வசவு, போர்வை கேட்டாலும் வசவு. உள்ளே அறிவு நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. வாசல்தான் அடைத்துக் கிடந்தது. அது வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கச் சேத்தூரிலிருந்து நாகஜோதி என்ற பெண் தினமும் பஸ்ஸில் வார்டுக்கு வந்தாள். காலைத் தூக்கி, மடக்கி, நீட்டி, கோழி உரிக்கிறவளைப் போலப் படுத்தி எடுத்தாள். ஒருநாள் அவள் உள்ளங்கையை மாரிக்கனியின் வலது பாதம் லேசாக உந்தியது. "உயிர் இருக்கும்மா, விடாமப் பண்ணுனா நடந்துருவீங்க" என்றாள். மாரிக்கனி சந்தோஷத்தில் அவளைக் கட்டையில் போகச் சொன்னாள்.

அன்றைக்கே பேச்சையும் சோதித்தாள் நாகஜோதி. "உங்க வீட்டுக்காரர் பேரென்ன?"

மாரிக்கனி என்னத்தைச் சொல்வாள்? ஊரில் எல்லாரையும் எல்லாப் பேரும் சொல்லி ஏசியவள், புருஷன் பேரை மட்டும் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. பேங்கில் கேட்டால்கூட, "முருகன் கையில என்ன வச்சிருக்காரு? அது முன்னால, பொறவு சாமி" என்றுதான் சொல்வாள். இப்போது அதற்கும் வழியில்லை. இடது கையைத் தூக்கி, சுவரில் காலண்டரில் வேலோடு நின்ற முருகனைக் காட்டினாள்.

நாகஜோதியின் அம்மா, அப்பாவைப் பேர் சொல்லியே கூப்பிடுகிறவர். அவளுக்கு விளங்கவில்லை. "சாமி கும்பிடணுமா?" என்றாள். மாரிக்கனி தலையை ஆட்டி ஆட்டி மறுபடியும் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் காப்பித் தூக்கோடு, கேள்வியையும் காதில் வாங்கிக்கொண்டு, உள்ளே நுழைந்தாள் வேலுசாமியின் அக்கா பெத்தம்மாள். பின்னாலேயே வேலுசாமி வந்தார்.

"பாத்தியாலே தம்பி! சாமியக் காட்டுதா. இது வாதமில்ல, சாமி குத்தம். காலைல ஆட்டோ சொல்லுதேன். குறி சொல்லுத கோடாங்கிகிட்டக் கொண்டுபோயி புறா ரத்தத்த வச்சுத் தேச்சா எந்திரிச்சு ஓடுவா."

"சரிக்கா" என்றார் வேலுசாமி. பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவர் சொன்ன ஒரே பதில் அது.

மாரிக்கனியின் தெருவில் வாதம் வந்த செல்லக்கனிக்கும் இப்படித்தான் தேய்த்தார்கள். புறாக்கள்தான் போய்ச் சேர்ந்தன. கை வந்து சேரவில்லை.

காலையில் ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. நாகஜோதி கட்டிலை மறித்துக்கொண்டாள்.

"பயிற்சிய இப்ப விட்டா கைகால் அப்படியே மடங்கிரும். போகணுமா வேண்டாமான்னு அவங்கள கேளுங்க."

"யார கேக்க? புருசன் பேரு கேட்டா சாமியக் காட்டுறவளயா? அவளுக்குப் புத்தி எங்கன இருக்கு?" என்றாள் பெத்தம்மாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரென்ன அத்தை?" என்று நாகஜோதி திருப்பிக் கேட்டாள்.

பெத்தம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதெப்படி வாயால... பேரு துரையில முடியும். ஏலே தம்பி, நீ சொல்லேன்."

நாகஜோதி அவளைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். "அடக் கடவுளே, வேலத்தான் காட்டுனாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பெத்தம்மாள் அசையவில்லை. "புத்தி இருந்தா வாயத் தெறந்து சொல்லட்டும். ஏலே, தூக்கு."

வேலுசாமி குனிந்து அவள் முதுகுக்குக் கீழே கை கொடுத்தார். பீடி வாடை அடித்தது. தூக்கினால் போச்சு. மாரிக்கனி உள்ளே கிடந்த சொற்களையெல்லாம் இழுத்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. வருகிற ஒன்றைத்தான் பிடித்தாள்.

"எடுபட்ட... எடுபட்ட..." வழக்கமாக அதன் பின்னால் வருகிற 'பயலே'யைப் பல்லைக் கடித்து நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் மற்றதைத் தள்ளினாள். "எடுபட்ட வேலுசாமி! விடுலே!"

பெத்தம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வேலுசாமி பொண்டாட்டியை மெதுவாகத் தலையணையில் சாய்த்தார். அவர் காது நுனிவரை சிவந்திருந்தது.

"யக்கா," என்றார், "ஆட்டோவ அனுப்பிரு."

"ஏலே, இந்த மானங்கெட்ட பேச்சுக்குப் பொறவுமா..."

"அவ விடுன்னுட்டா. அனுப்பிரு யக்கா."

பெத்தம்மாள் காப்பித் தூக்கையும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஒருமுறை வெளியே வந்த பேர் அதற்குப் பிறகு உள்ளே போக மறுத்தது. தண்ணீரும் வேலுசாமி, போர்வையும் வேலுசாமி, டாக்டரும் வேலுசாமி. பக்கத்துக் கட்டில்காரர்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "ஒண்ணு வந்தா அடுத்தது வரும்" என்றாள் நாகஜோதி. அடுத்தது வரக் காணோம்.

அந்த வாரக் கடைசியில் அவளைக் கட்டிலிலிருந்து இறக்கி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் நாகஜோதி, இன்னொரு பக்கம் புருஷன். இடது கால் போனது. வலது கால் தரையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மாரிக்கனி குனிந்து அதைப் பார்த்துக் கத்தினாள்.

"எடுபட்ட வேலுசாமி!"

"இங்கனதாம்ட்டி நிக்கேன்."

"உங்கள இல்லண்ணே, காலைத் திட்டுறாங்க" என்றாள் நாகஜோதி. "நல்லாத் திட்டுங்கம்மா."

மாரிக்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் சத்தமாகத் திட்டினாள். கால், சரக்கென்று தரையைத் தேய்த்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாக முன்னால் வந்தது.