அனுசுயா படம் இருந்த இடம்

"பேர் வெளிய தெரியாம உழைக்கிறவங்களுக்காக ஒரு பக்கம் போடுறோம். உங்க படமும் வரும்" என்று பத்திரிகை ஆசிரியர் ஜனார்தன் சொன்னதை அனுசுயா நம்பித் தொலைத்தாள். அந்தத் திருச்சிப் பத்திரிகையின் பக்கங்களை வடிவமைப்பவள் அவள்தான். தொட்டியத்தில் இருக்கும் அம்மாவிடம் நாளைக்குப் பேப்பர் வாங்கச் சொல்லியிருந்தாள்.

மதியம், பக்கம் முடியும் நேரத்தில் ஜனார்தன் வந்தார். "விளம்பரம் ஒண்ணு வந்திருக்கு. உங்க படத்தை எடுத்துட்டு அந்த இடத்துல அதைப் போட்டுடுங்க. நீங்க நம்ம வீட்டு ஆளு, தப்பா நினைக்க மாட்டீங்க."

திறந்து பார்த்தாள். விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர் ஜனார்தனேதான். 'ஊழியரைப் போற்றும் உத்தமருக்கு ஸ்ரீரங்கம் நண்பர்களின் வாழ்த்து' என்று கீழே இருந்தது.

தன் படத்தை எடுத்துவிட்டு அவரை வைத்தாள். பத்திரிகைத் தாளில் மை ஊறிப் பரவும். அதனால் எந்த முகத்தையும் வெளுப்பாக்கித்தான் அச்சுக்கு அனுப்புவாள். இல்லாவிட்டால் கரிக்கட்டையாக வரும். மற்ற முகங்களையெல்லாம் பொறுமையாக வெளுப்பாக்கினாள். ஜனார்தன் முகத்தை மட்டும் தொடவில்லை.

"சார், ஒரு தடவை பாத்துடுறீங்களா?"

கம்ப்யூட்டரில் அவர் முகம் பளிச்சென்றுதான் இருந்தது. "பிரமாதம், அனுப்புங்க" என்றார்.

அனுப்பினாள்.