உப்புக்கு வாங்கிய கிடுகு

மத்தியானச் சோறு பரிமாறும்போதே காற்று மாறியது சண்முகவடிவுக்குத் தெரிந்துவிட்டது. கொடியில் கிடந்த சேலைகள் காலையிலிருந்து கடல் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. இப்போது வீட்டைப் பார்த்துத் திரும்பி அடித்தன. கொண்டல், மழையைக் கூட்டிவரும் கீழைக்காற்று.

கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வாசலை அடைத்து நின்றது புதுப் பந்தல். நாளை மறுநாள் நாத்தனார் முத்துக்கனிக்குக் கல்யாணம். பந்தலின் மேல் வேய்ந்திருந்த தென்னங்கிடுகு முழுவதும் உப்புக்காக வாங்கியது.

ஐப்பசி பிறப்பதற்குள் உப்பு அம்பாரத்தைக் கிடுகு போட்டு மூடிவிடுவது உப்பளக்காரர்கள் வழக்கம். அவள் கணவன் சங்கரபாண்டியன் மட்டும் இந்த வருஷம் மூடவில்லை.

"தோணிக்காரன் இந்தா வாரேன்னு சொல்லுதான். ஏத்திவிடப் போற உப்புக்குப் போர்வை எதுக்கு?" என்று கிடுகைப் பந்தலுக்குத் திருப்பிவிட்டான். தகப்பன் இல்லாத தங்கைக்கு, அப்பா இருந்தால் போட்டிருக்கும் பந்தலைப் போடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தாலும், அவர்களைப் போன்ற சின்ன அளக்காரர்களுக்குப் பழைய துறைமுகத்துத் தோணிதான் கதி. அந்தத் தோணி வரவில்லை. காலையில் விசாரிக்கப் போன சங்கரபாண்டியனும் திரும்பவில்லை.

காலையிலேயே கிடுகு தேடி அனுப்பியிருந்த அளத்துக் கங்காணி சுடலைமாடன் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினான்.

"யக்கா, அண்ணாச்சி வந்தாச்சா?"

"இன்னும் வரல. கிடுகு கிடைச்சுதா?"

"ஒரு கீத்து கிடையாது. தருவைகுளம் வரைக்கும் ஆள் விட்டுப் பாத்தாச்சு. இப்ப வந்து கேக்கியேன்னு கடைக்காரன் சிரிக்கான்." சொல்லிவிட்டுப் பந்தலை அண்ணாந்து பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்பாரம் கரைந்தால் அடுத்த வருஷம் பாத்தி கட்ட வழியில்லை. அளத்தையே விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் கல்யாணப் பந்தலைத் தாலி ஏறும் முன் யாரும் பிரிப்பதில்லை. அவசரமாகப் பிரிப்பது சாவு வீட்டுப் பந்தலை மட்டும்தான். உள்ளே போனாள், வெளியே வந்தாள், அடுப்பில் கொதித்த ரசத்தை மறந்தாள்.

முத்துக்கனி மஞ்சள் பூசிய முகத்தோடு வாசலுக்கு வந்தாள். "மதினி, பாதியை எடுத்துக்கிடுங்க. எனக்குப் பாதிப் பந்தல் போதும்."

"பாதியை வச்சு என்ன செய்ய, ஏளா? பந்தலும் ஒழுகும், உப்பும் போகும்."

"அப்போ முழுசையும் எடுங்க. மாப்பிள்ளை ஆத்தூர்க்காரரு. வெத்தலைக்குத் தண்ணி தெளிச்சே பழகினவரு. தலையில நாலு சொட்டு விழுந்தா வாடிரவா போறாரு?" சிரித்தவளின் குரல் பாதியில் இறங்கியது. "மணவறைக்கு மேல மட்டும் விட்டிருங்க மதினி. தாலி ஏறும்போது மேல ஒரு கூரை இருக்கட்டும்."

சண்முகவடிவு அவள் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, "சுடலை, ஏறு" என்றாள்.

முதல் கிடுகு தரையில் விழுந்த சத்தத்துக்கே எதிர்வீட்டுச் சித்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஏளா வடிவு, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல சித்தி. உப்புக்குத்தான்." சொல்லிக்கொண்டே விழுந்த கிடுகை எடுத்து அடுக்கினாள்.

கிடுகு ஏற்றிய வண்டி அளத்துக்குப் போய் நெடுநேரம் கழித்துச் சங்கரபாண்டியன் வந்தான். வெறும் கம்புகளுக்கு நடுவே நின்று வானத்தைப் பார்த்தான்.

"தோணி?" என்றாள்.

"கடல் சரியில்லன்னு கொழும்புலயே கிடக்காம்." அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"எங்க நின்னு கேக்க? இங்கன இருந்து கூப்பிட்டா ஹார்பருக்குக் கேக்குமா?"

அவன் சைக்கிளைத் திருப்பி அளத்துப் பாதையில் போனான். அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. செருப்பைத் தேடாமல் பின்னாலேயே நடந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் அம்பாரத்தின் மேல் ஏறிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கீழ்வானம் கறுத்துக் கிடந்தது. அம்பாரத்தின் தென்மூலை மட்டும் மூடாமல் வெள்ளையாகத் தெரிந்தது.

"பத்தல அண்ணாச்சி" என்றான் சுடலைமாடன். "மணவறைக்கு மேல கொஞ்சம் விட்டிருக்கு. வண்டி நிக்குது. போயி எடுத்துட்டு வந்திரவா?"

சங்கரபாண்டியன் இறங்கி வந்து அந்த மூலையில் ஒரு பிடி உப்பை அள்ளினான். நல்ல உப்பு. விரல்களுக்கிடையே கல் கல்லாக மின்னியது. மனைவியைப் பார்த்தான்.

"அது கிடக்கட்டும்லே" என்றான். "இந்த மூலை போனா போகுது."

உப்பைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினான். சைக்கிளை எடுத்தான்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஏறு."

கேரியரில் உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மழை இன்னும் விழவில்லை. விழுமா என்றும் தெரியவில்லை. வீடு வரும்வரை அவள் கிழக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.