துரைக்கு நேர்ந்த பொங்காலை

"கிஸ்மிஸ், திராட்சை மாதிரி ஏதாவது கொடுத்தேளா மாமா?" என்று டாக்டர் மாளவிகா கேட்டபோது நாகேஸ்வரன் மேசைமேல் கிடந்த துரையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். நாய் செத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. டாக்டர் வலியசாலை அக்கிரகாரத்துப் பெண். மிருக ஆஸ்பத்திரியில் மற்றவர்களிடம் மலையாளம் பேசுபவள், அவரிடம் மட்டும் வீட்டுத் தமிழில் பேசுவாள். ட்ரிப் குழாயைக் கழற்றியபடியே அவர் பதிலுக்குக் காத்திருந்தாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவருக்குப் பொங்காலை ஞாபகம் வந்தது.

"பாயசம் கொடுத்தோம். பொங்காலைப் பிரசாதம். அதிலே ஒரு பிடி இருந்திருக்கும்."

அவள் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் பேசினாள். "ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தப்பவே எனக்கு சந்தேகம். நாய்க்குத் திராட்சை ஆகாது மாமா. சிலது எவ்வளவு தின்னாலும் ஓடிண்டிருக்கும். சிலதுக்கு ஒரு பிடி போறும், கிட்னி நின்னுடும். யாருக்கும் தெரியறதில்லை. எங்காத்துல எல்லாருமே கொடுத்திருக்கோம். காலேஜ்ல படிச்சப்புறம்தான் எனக்கே தெரியும். இன்னொரு நாய் இருக்குன்னேளே, அதுக்குக் கொடுத்துடாதீங்கோ. மாமிகிட்ட மறக்காம சொல்லிடுங்கோ."

"மாமி கொடுக்கலை. நான்தான் கொடுத்தேன்" என்றார் நாகேஸ்வரன்.

யாரும் கேட்காத பொய். ஏஜீஸ் ஆபீஸில் காலம் முழுக்க அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய மனிதர் அவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கே உரிய அவசரத்தோடு அதைச் சொல்லிவிட்டு, துரையைத் தன் பழைய வேட்டியில் சுற்றினார்.

வெள்ளநாட்டுக்குப் பக்கத்தில், ஓடையைத் தொட்டுக்கொண்டு கிடந்த தோட்டப் பறம்பையும் அதிலிருந்த ஓட்டு வீட்டையும் அவர் வாங்கியபோது கரமனைத் தெருவே சிரித்தது. ரிட்டயரானவன் காசிக்குப் போவான், இவர் காட்டுக்குப் போகிறார் என்றார்கள். பழைய சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போன சாமான்களில் துரையும் ஒன்று. வெள்ளை உடம்பும், யாரையும் மதிக்காத நடையுமாக வாசலில் வந்து நின்றதைப் பார்த்து விஜயம்தான் அந்தப் பெயரை வைத்தாள். தயிர்சாதம் தின்னும் காவல் நாய் இந்தப் பக்கத்திலேயே இது ஒன்றுதான் என்று தோட்ட வேலைக்கு வரும் பிச்சைக்கனி சிரிப்பான். சிரித்துவிட்டு, இலையில் மறைத்து மத்தி மீன் தலை கொண்டுவந்து போடுவான். விஜயத்துக்கு அது தெரியும். தெரியாதவள்போல உள்ளே போய்விடுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவள் அதட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. அதட்டல்தான் அவளுடைய கொஞ்சல்.

மார்கழியில் துரை ஒரு நாள் காணாமல் போனான். ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து பன்றிகள் வந்து கிழங்கைத் தோண்டுகின்றன என்று யாரோ கம்பிச் சுருக்கு வைத்திருந்தார்கள். இடுப்பில் சுருக்கு இறுகி, கம்பியையும் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விழுந்தான். அவன் பிழைத்தால் ஆற்றுக்கால் அம்மைக்கு அவன் பேரில் பொங்காலை வைப்பதாக விஜயம் நேர்ந்துகொண்டாள். அம்மையும் கைவிடவில்லை, துரை பிழைத்தான். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் அவனுக்காகக் கணபதி ஹோமத்துக்குக் கொடுக்கப் போனவளிடம் பேரும் நட்சத்திரமும் கேட்டார்கள். "துரை, சதயம்" என்றாள் கூசாமல். கம்பியை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த நாளின் நட்சத்திரமாம்.

கும்ப மாதத்தில், ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் அடுப்புக் கூட்டும் பொங்காலை நாளில், கரமனையில் நாத்தனார் வாசலில் அவளும் அடுப்பு மூட்டினாள். மற்ற வருஷங்களில் பேருக்கு நாலு கிஸ்மிஸ் கிள்ளிப் போடுபவள் இந்த முறை பாக்கெட்டையே நெய்யில் கவிழ்த்தாள். அவன் பேரில் வைக்கிற பொங்காலை, அதில் கஞ்சத்தனம் கூடாது. பஸ்ஸில் பானையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். முதல் கரண்டி துரைக்கு. இனிப்பில் அவன் விரும்பித் தின்பது அந்தக் கிஸ்மிஸைத்தான் என்று தன் பங்கிலிருந்ததையும் பொறுக்கி அவன் இலையில் போட்டாள். புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட செம்பி என்கிற சிவப்புக் குட்டி ஏக்கமாகப் பார்த்தபோது, அதற்கு இலையில் அவித்த தெரளிக் கொழுக்கட்டை ஒன்றை உடைத்துப் போட்டாள். பாயசம் கொடுக்கவில்லை. நேர்ச்சை துரையுடையது. மறுநாளே துரை வாந்தியெடுத்துப் படுத்துவிட்டான்.

ஆட்டோவில் வரும்போது நாகேஸ்வரன் இதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்தார். விஜயத்திடம் எப்படிச் சொல்வது? அவளுடைய அம்மா கடைசியாகக் கேட்டது ஒரு வாய் காப்பி. சர்க்கரை வியாதிக்காரிக்கு ராத்திரியில் எதற்குக் காப்பி, காலையில் தருகிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள். காலையில் அம்மா இல்லை. அன்றைக்கு விட்டவள்தான், இன்றுவரை விஜயம் காப்பியைத் தொட்டதில்லை. தினமும் அவருக்கு மணக்க மணக்கக் கலந்து கொடுத்துவிட்டுத் தான் வெந்நீர் குடிப்பாள். கொடுக்காத காப்பிக்கே இப்படி என்றால், கொடுத்த பாயசத்துக்கு இவள் என்ன ஆவாள்? சொல்லக்கூடாது. கிஸ்மிஸ் இனி வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விஜயம் கேட்டருகே நின்றிருந்தாள். வேட்டி மூட்டையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். அழவில்லை. மூட்டையை வாங்கித் தரையில் வைத்துத் துணியை விலக்கி, அவன் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள்.

"என்னவாம்?"

அவர் குனிந்து துணியின் மறுமுனையை மடித்தார்.

"பாம்பாக்கும், இல்லையோ? எனக்கு அன்னிக்கே தோணித்து. ஓடைக்கரையிலேயே மூக்கை நொழைச்சிண்டு நின்னான். கூப்பிட்டா வந்தாத்தானே."

"ஆமாம்" என்றார் நாகேஸ்வரன். "அணலி விரியன்."

கும்பத்தில் நட்டால் சேனை குடத்தளவு விளையும் என்பது இங்கத்திய பேச்சு. அதற்காகப் பிச்சைக்கனி வெட்டி வைத்திருந்த குழிகளில் ஒன்றை அகலமாக்கித் துரையைப் புதைத்தார்கள். அவன் சாப்பிடும் அலுமினியத் தட்டை விஜயம் கூடவே வைத்தாள். மண் விழ விழச் செம்பி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது பிறகுதான். பாம்பு கடித்து நாய் செத்த வீட்டில் அழுதுவிட்டுச் சும்மா இருந்துவிட மாட்டாள் விஜயம். மாமரத்தில் பிஞ்சு பிடித்து, கொன்றை விஷுவுக்கு முன்பே அவசரப்பட்டுப் பூத்து, விடிந்ததும் குயில் காதைத் துளைக்கிற காலம் அது. ஓடையை ஒட்டிய பறம்பின் கீழ்க்கோடியை நாகேஸ்வரன் வேண்டுமென்றே வெட்டாமல் விட்டிருந்தார். தாழம்புதரும் காட்டுக்கொடியுமாக அடைந்து கிடக்கும் இடம். செம்போத்து ஒரு ஜோடி அங்கிருந்துதான் சொந்தக்காரர்களைப் போல நடந்து வரும். கீரி உண்டு. தாழம்புதருக்குள் ஒரு குளக்கோழி கூடு வைத்திருந்தது. தினமும் காப்பி டம்ளரோடு போய், கிட்டே நெருங்காமல், அது அடைகாப்பதைப் பார்த்துவிட்டு வருவார். அந்தக் கோடியை ஒரு செடி விடாமல் வெட்டி எரிக்க வேண்டும் என்றாள் விஜயம்.

"அங்கே குளக்கோழி முட்டை வெச்சிருக்கே. குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்."

"அங்கேதானே அவனைக் கடிச்சது? நீங்கதானே சொன்னேள்?"

மறுநாள் பிச்சைக்கனி புல்வெட்டும் மெஷினோடு வந்தான். அது இரைந்த இரைச்சலில் குயில்கூட வாயை மூடிக்கொண்டது. தாழம்புதரின் தூரைச் சாய்த்தபோது நீளமாக ஒன்று நெளிந்து வந்து, வெட்டிய இடத்தில் ஒளிய வழியில்லாமல் திகைத்து நின்றது. பிச்சைக்கனி மெஷினை நிறுத்தினான்.

"சாரைம்மா. ஒண்ணுஞ் செய்யாது. எலியப் பிடிக்க வந்திருக்கும், போயிரும்."

விஜயம் அவனைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள். "இதுதானா?"

சாரைக்கும் அணலிக்கும் வித்தியாசம் தெரியாதவரல்ல நாகேஸ்வரன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இது இல்லை என்றால் வேறு எது என்று கேட்பாள். அந்தக் கேள்வியின் வால் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிடா" என்றாள் விஜயம்.

"பாவம்லா, அம்மா."

"அவன் மட்டும் பாவமில்லையா? அடி."

அவன் அடித்தான். விஜயம் பக்கத்தில் நின்று கடைசித் துடிப்பு அடங்கும்வரை பார்த்தாள். பிறகு துரையின் மேட்டருகே போய் உட்கார்ந்து, செத்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள். அழட்டும், அதிலாவது ஆறட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்காவிட்டால் அங்கே நிற்கவே முடிந்திருக்காது. சாயங்காலம் குளக்கோழி வந்தது. வெட்டிக் கருக்கிய கட்டைகளுக்கு நடுவே காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கூடு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. கத்தவே இல்லை. அன்றிலிருந்து நாகேஸ்வரன் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

அடுக்களை அலமாரியிலிருந்த கிஸ்மிஸ் பாட்டிலை அவரே எடுத்துக் கொட்டினார். எறும்பு என்றார். கடைக்குப் போகிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார். சாமான் வாங்கச் சோம்பேறித்தனப்படும் மனிதருக்கு என்ன வந்தது என்று விஜயம் ஆச்சரியப்பட்டாள். செம்பி வளர்ந்தது. வரப்பில் நட்ட வெண்டையைப் பிடுங்கிப் போட்டது, ஓணானைத் துரத்தியது. முதலில் அதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட விஜயம் மெல்ல மெல்ல அதட்ட ஆரம்பித்தாள். அந்த அதட்டல் சத்தம் காதில் விழுந்த அன்று நாகேஸ்வரன் நிம்மதியாகச் சாப்பிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்றே நினைத்தார்.

விஷுவன்று காலை கனி பார்த்துவிட்டு, பூஜைக்கு இன்னும் கொஞ்சம் கொன்றைப்பூ வேண்டும் என்று அவள் சொன்னதால் ரோட்டோரம் வரை போய்வந்தார். கையில் பூங்கொத்தோடு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தபோது, விஜயம் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாயசக் கிண்ணம். அதிலிருந்து விரலால் துழாவி எதையோ பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். எதிரே செம்பி உடம்பெல்லாம் ஆட உட்கார்ந்திருந்தது.

"என்னது அது?"

"பிரதமன்தான். கிஸ்மிஸ் இல்லாம விஷுவா? உங்களுக்கு ஞாபகமே இருக்காதுன்னு பிச்சைக்கனியை விட்டு வாங்கச் சொன்னேன்." குரல் லேசாகக் கம்மியது. "துரைக்குன்னா உசிர். அவன் பங்கையும் சேர்த்து இவளுக்குக் கொடுக்கலாம்னு. பாருங்கோ, வாலை ஆட்டறதுகூட அவனை மாதிரியே."

கையை நீட்டினாள். நாகேஸ்வரன் பூவைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் கையைத் தட்டிவிட்டார். கிஸ்மிஸ் மண்ணில் சிதறியது. செம்பி பாய்வதற்குள் அதன் கழுத்தைப் பிடித்து இழுத்து, மண்ணோடு சேர்த்துக் காலால் தேய்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் அவர் கை இப்படிப் பட்டதில்லை. விஜயம் கையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"கொடுக்காதே" என்றார் மூச்சு வாங்க. "நாய்க்கு இது ஆகாது. விஷம்."

"யார் சொன்னா?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்? எப்போ?"

அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதை அவர் பார்த்தார். பொங்காலைப் பானையும், முதல் கரண்டியும், தன் பங்கிலிருந்து பொறுக்கிப் போட்டதும் ஒவ்வொன்றாக அவளுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தன. இத்தனை நாளாக அவர் குறுக்கே நின்று தடுத்தவை அத்தனையும் ஒரே நிமிஷத்தில் அவளிடம் போய்விட்டன.

"அப்போ அணலி..." என்றாள்.

"அணலி இல்லை."

"அந்தப் பாம்பு?"

"அது சாரை. பிச்சைக்கனி சொன்னது சரிதான்."

விஜயம் தலையை ஆட்டினாள், யாரோ விலாசம் சொல்லக் கேட்டுக்கொண்டவள்போல. கிண்ணத்தைப் படியில் வைக்கப் போனவள், நாய்க்கு எட்டும் என்று தோன்றியதோ என்னவோ, எழுந்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "சாப்பிட்டுட்டு என் கையை நக்கினான், கேட்டேளா" என்றாள். "இன்னும் இருக்கான்னு பார்த்தான்." அவ்வளவுதான் சொன்னாள். அவர் கிட்டே போனபோது விலகிக்கொண்டு, நேரே பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள்.

குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், சாம்பலை அள்ளித் தேய்த்தாள், மறுபடி சோப்புப் போட்டாள். நகத்துக்கு அடியில் குச்சியால் நோண்டினாள். செம்பி நாகேஸ்வரனின் பிடியிலிருந்து நழுவி அவளிடம் ஓடியது. எவ்வளவு கழுவினாலும் அதன் மூக்குக்கு வெல்லமும் நெய்யும் தெரிந்திருக்க வேண்டும். முன்காலைத் தூக்கி அவள் புடவையில் வைத்து, ஈரக் கையை நக்க எம்பியது. விஜயம் பதறிக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். அது விளையாட்டு என்று நினைத்துவிட்டது நாய். சந்தோஷமாகக் குரைத்துக்கொண்டு, அவள் விரல்களை எட்டிப் பிடிக்கத் துள்ளித் துள்ளிக் குதித்தது. முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகி ரவிக்கை நனைய, இரண்டு கைகளையும் உயரத் தூக்கியபடி அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள்.